நன்றிப் பக்கம்

சூழலியல் முதுகலையில் என்னோடு படித்தவள் அவள். ஒட்ட வெட்டிய முடி, சேறு காயாத கால்சட்டை. எந்தத் தண்ணீரையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் குறிப்பேட்டில் எழுதுவாள்.

என் அப்பா மட்டாஞ்சேரிக் கால்வாயில் சேறு அள்ளும் மாநகராட்சித் தொழிலாளி. அதை வகுப்பில் மறைத்த நான், ஆய்வுக்கு மூணாறு காட்டை எடுத்துக்கொண்டேன். நகரின் மறுபக்கம், கலூரிலிருந்து வந்த அவள் எங்கள் கால்வாயை எடுத்தாள்.

ஒருநாள் வீடு திரும்பினால், கால்வாயில் அப்பாவைச் சந்தித்துப் பழகிய அவள், அவரோடு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறாள்.

“கடல்வெள்ளம் கால்வாயில ஏறும்போ எந்த மீன் உள்ள வரும்னு இந்தப் பொண்ணு கேட்டு எழுதுது. நீ ஒருநாளும் கேட்டதில்லையே,” என்றார் அப்பா.

அவளுடைய ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அப்பாவின் பெயர்தான் முதலில் இருந்தது. என்னுடையதில் அவர் இல்லவே இல்லை.

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.