மன்த்துக்கு ஒரு சோடி

அரசாங்கக் காகிதமெல்லாம் சிங்களத்துக்கு மாறிவிட்ட பிறகும், கொட்டாஞ்சேனையில் செத்துப்போனவர்கள் மட்டும் ஆங்கிலத்தை விடவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவு அட்டை கொடுப்பார்கள். ஒரு பக்கம் மாதா படம். மறுபக்கம் இறந்தவரின் படமும் அதன் கீழே நாலு வரி ஆங்கிலப் பாட்டும் இருந்தால்தான் குடும்பத்துக்கு மதிப்பு. அந்தப் பாட்டுகளைக் கட்டியவன் நான். கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோப்பதும் பிழை திருத்துவதும் என் வேலை. பள்ளியில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி வாங்கியிருந்ததால் கவிஞர் வேலையும் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அதில் பெருமை தாங்காது.

உண்மையில் அது கவிதை எழுதுவதல்ல, சம்பந்தம் பேசுவது. ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு அதே ஓசையில் இன்னொரு வரியின் கடைசியில் சோடி பிடிக்க வேண்டும். கண்ணீர் வந்தால் ஆண்டுகள்: டியர்ஸ், இயர்ஸ். இதயம் வந்தால் பிரிவு: ஹார்ட், பார்ட். அன்பு வந்தால் மேலே, அதாவது மோட்சம்: லவ், அபவ். இந்த மூன்று சோடிகளை வைத்தே கொட்டாஞ்சேனையில் பாதிப் பேரை மோட்சத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கோத்த ஈய வரிகளைப் பிரிக்காமல் நூலால் கட்டி இறாக்கைத் தட்டில் வைத்திருப்போம். அடுத்த சாவுக்குப் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.

பக்கத்திலுள்ள முகத்துவாரத்திலிருந்து அந்த அக்கா ஒரு திங்கட்கிழமை வந்தார். அவருடைய கணவர் கப்பலில் சமையல்காரர். எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்து, அங்கேயே அடக்கமும் முடிந்து, வீட்டுக்குத் தந்தி மட்டும் வந்தது. தந்தி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அவர் எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது. அக்கா அதை மேசையில் விரித்துக் காட்டினார். முழுக்கத் தமிழ். முடிவில், ஒரு மாதத்தில் வருவேன் என்று ஒரே ஒரு வரி ஆங்கிலம்: ஐ வில் கம் இன் வன் மன்த்.

"எல்லாக் கடிதத்திலயும் இப்பிடித்தான் தம்பி முடிப்பார். ஆறு மாசம் கழிச்சு வாறதெண்டாலும் வன் மன்த் தான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசும் இது ஒண்டுதான்" என்றார். பிறகு, "மற்ற ஆக்களின்ர அட்டையில பாட்டு இருக்கு. இவருக்கும் வேணும். கடைசி வரி இதுவா இருக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை பூசை."

"அதுக்கென்ன அக்கா, வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றேன். அவர் படியிறங்கும் முன்பே அந்தக் கடைசி வரியைக் கோத்து நூல் கட்டிவிட்டேன். இனி மன்த்துக்கு ஒரு சோடி பிடித்தால் மேலே மூன்று வரி தானாக வரும் என்று நினைத்தேன்.

வரவில்லை. அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக முன்னால் வைத்துப் பார்த்தேன். பன்த், டன்த், ஹன்த் என்று பைத்தியக்காரன் மாதிரி வாய் முணுமுணுத்ததுதான் மிச்சம். புதன்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே என் மச்சான் இருந்தார். ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிக்கிறவர்.

"ஃப்ரன்ட்?" என்றார் மச்சான்.

"கிட்ட வருது. கடைசியில இடிக்குது."

"வன்ஸ்?"

"அதுவும் அப்பிடித்தான்."

"முன்பல் ரெண்டும் இல்லாத ஒருத்தன் வன்ஸ் எண்டு சொன்னா வன்த் எண்டுதான் விழும். அச்சொட்டாப் பொருந்தும். செத்த மனுசனுக்குப் பல் இருந்ததோ?"

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். பிறகு அவர் தடித்த அகராதியை எடுத்துப் புரட்டி மூடினார். "இந்தச் சொல்லுக்கு இங்கிலீசில சோடியே இல்லை. மாசத்தைக் கிழமையாக்கச் சொல்லு. வீக்குக்கு எத்தினை சோடி வேணும்?" திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தப் பல்லுப் பகிடிக்காக வெட்கப்பட்டேன். அச்சக முதலாளியோ, "கண்ணீரையும் ஆண்டையும் போட்டு அனுப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தபோது ஃப்ரன்ட்டை வைத்து ஒரு பாட்டு ஒப்பேற்றியிருந்தேன். கண் முன்னே கடல் என்று ஏதோ வரும். நீட்டி முழக்கி வாசித்தேன். அவருக்கு ஆங்கிலம் விளங்காது, காது நன்றாக விளங்கியது.

"மன்த், ஃப்ரன்ட்... முட்டுது தம்பி, ஒட்டேல்லை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இறாக்கையைக் காட்டி, "அந்த வரியை விடுங்கோ அக்கா. இஞ்ச எத்தினை வடிவான பாட்டுக் கிடக்கு" என்றேன்.

அவர் அன்றும் கொண்டுவந்திருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப பாட்டு வேண்டாம். பேரை மட்டும் போடுங்கோ" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "பெரிய வெள்ளிக்குக் கோயிலில நாங்கள் பாடுற ஒப்பாரியில முன்னுக்குத்தானே சத்தம் சேரும். நீங்கள் ஏன் வாலையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று சோதனைக்குப் பாடமாக்கி ஒப்பித்தவன் நான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு வெள்ளவத்தைவரை அலைந்திருக்கிறேன்.

"இருங்கோ அக்கா" என்று கத்தினேன். கழித்துப் போட்ட ஒரு தாளின் பின்புறத்தில், மாதத்தை வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவந்து எழுதினேன்.

வன் மன்த், யூ செட்.
சன் ஆஃப்டர் சன் வீ கவுண்டட்.
டன் இஸ் த மன்த்.
நன் இஸ் அட் த டோர்.

வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னேன். ஒரு மாதம் என்றாய். ஒவ்வொரு சூரியனாக எண்ணினோம். மாதம் முடிந்தது. வாசலில் யாரும் இல்லை.

வன், சன், டன், நன் என்று அவர் விரல் மடித்துச் சொல்லிப் பார்த்தார். "இது ஒட்டுது" என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் அவர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"யாரும் வரேல்லை எண்டு ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கிறதோ? அதை எடுங்கோ. அவற்ற வரியைப் போடுங்கோ. ஐ வில் கம்."

"அது எதுகைக்கு வராதே அக்கா" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். "ஐ வில் கம் இன் வன் மன்த். முதலே கோத்து வைச்சிருக்கிறன்" என்றேன்.

"இல்லை. ஐ வில் கம். அவ்வளவுதான்."

"அவர் அப்பிடி எழுதேல்லையே?"

"அவர் இனி எங்க வாறது? இது நான் அவருக்குச் சொல்லுறது."

"அப்ப வன் மன்த்?"

"அது எப்ப எண்டு எனக்குத் தெரியாதே தம்பி" என்றார்.

திங்கட்கிழமையே கோத்து வைத்திருந்த வரியின் நூலை அவிழ்த்தேன். முதல் மூன்று சொற்களை விட்டுவிட்டு, மிச்சத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பெட்டியில் திரும்பப் போட்டேன்.