மலைச் சாம்பல், மில் சாம்பல்

மான்ட்ரியலில் ஒரு கரண்டிச் சாம்பலைத் தொடுவதற்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். டவுன்டவுனில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரம் இது எனக்குப் பழகவில்லை. எரிமலைச் சாம்பல் தட்டைத் திறந்ததும் என் விரல்கள் தாமாகவே ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுவிட்டன. ஆய்வக உதவியாளர் சில்வி, "நோன், நோன்!" என்று பதறி ஈரத்துணியால் துடைத்துவிட்டார். பிறகு, "மலைக்கு மரியாதையா?" என்று தணிந்த குரலில் கேட்டார். திருநீற்றை விளக்க என் பிரெஞ்சு போதவில்லை, தலையாட்டிவிட்டேன். அன்றுமுதல் ஒவ்வொரு தட்டைத் திறக்கும் முன்பும், நான் வேண்டிக்கொள்வதற்காகக் கண்தாழ்த்திக் காத்திருக்கிறார். நானும் சற்று நின்று, "மெர்சி" என்று நன்றி சொல்கிறேன்.

எரிமலைச் சாம்பல் எரிந்து மிஞ்சியதல்ல. உருகிய பாறை வெடித்துச் சிதறி உறைந்த தூள். நுண்ணோக்கியில் நொறுங்கிய கண்ணாடி வளையல்போலத் தெரியும். இலைமேல் படிந்தால் வெயிலை மறைக்கும். மழை பட்டால் சிமெண்டாக இறுகும். ஓடையில் விழுந்தால் மீனின் செவுளை அடைக்கும். சில எரிமலைகளின் சாம்பல் படிந்த புல்லை மேய்ந்தால் மாடுகள் நோயில் விழும். நெடுங்காலம் கழித்து அதுவே வளமான மண்ணாகும். கேட்பவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்திதான் பிடிக்கிறது. அதுவரை அங்கே மூச்சுவிட்டவர்களைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை.

ஆரணிப் பக்கத்தில் எங்கள் ஊரில் எந்த மலையும் வெடித்ததில்லை. அரிசி மில் உண்டு. கொதிகலனில் உமி எரிய, சாம்பல் பறந்து கொய்யா இலையிலும் கொடியில் காயும் துணியிலும் படியும். அம்மா உதறிவிட்டு மறுபடி காயப்போடுவாள். அப்பா கொதிகலனடியில் சாம்பல் வாருகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எங்கேயும் தலைநிமிர்ந்து சொல்வேன். அப்பாவுக்குச் சில காலமாக விடாத இருமல். எரிமலைச் சாம்பலின் நுண்ணோக்கிப் படத்தை அவருக்கு அனுப்பினேன். போனில் அழைத்தார்.

"எந்த ஊரு மலைம்மா இது?"

"ஐஸ்லாந்துப்பா."

"அதுக்கும் நம்ம மில்லுக்கும் இன்னா?"

"உமிச் சாம்பலும் நெஞ்சுல போய்த் தங்கும்பா. மாஸ்க் போட்டுக்கோ."

"திருடன் மாதிரி மூஞ்ச மூடிக்கினு போனா பசங்க சிரிப்பானுங்க." சற்று நிறுத்தி, "இந்தத் தூசுலதான் உன்னப் படிக்க வெச்சேன். இப்ப அதையே விஷம்ன்றியா?" என்றார்.

மான்ட்ரியலில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஊருக்குப் போன ஒருவரிடம் நல்ல முகக்கவசங்களாக வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு காலை, ஆய்வகத்தில் தட்டின் முன் நான் இருந்தபோது வீடியோவில் அழைத்தார். அங்கே மாலை. கொதிகலனடியில், முகத்தில் வெள்ளைக் கவசத்தோடு நின்றார். பின்னால் யாரோ, "டாக்டரு வந்துட்டாரு டோய்!" என்று கத்த, சிரிப்பு எழுந்தது.

"போட்டுட்டியாப்பா!"

கவசத்தை மோவாய்க்கு இறக்கினார். "போட்டாச்சு. சந்தோசமா?" மறுபடி ஏற்றிக்கொண்டார்.

"இருமல் எப்படி இருக்கு?"

மறுபடி இறக்கினார். "பரவால்ல" என்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் சாம்பல் புகைபோல எழுந்தது.

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. மேலே ஏற்று என்று கையால் காட்டினேன். ஏற்றிக்கொண்டார். திரையில் அவருடைய கண்கள் மட்டும். மூலையில், சின்னதாக, ஆய்வகக் கவசத்துக்கு மேலே என்னுடையவை. அழைப்பைத் துண்டிக்க இருவருக்கும் மனம் வரவில்லை. பேசினால் அவர் கவசத்தை இறக்கிவிடுவார்.