வேப்பமரத்தடியில் இறங்காதவர்கள்

அந்த வருடம் புதிதாகத் தார் போட்ட காப்பெற் வீதி எங்கள் ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னார்ப் பக்கமிருந்து கறுப்பாக, வழுவழுப்பாக வந்த அதைப் பார்த்து ஊரே பூரித்தது. நானும்தான். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியபோது இதே பாதையில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் வீதி நல்லதானதும் வான்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் போகிறவரும் மனிதர்தான் என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போன என் மகளை ஒரு வான் உரசிப் பற்றைக்குள் தள்ளிவிட்டு, நிற்காமலே போய்விட்டது. முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள்.

அன்று மாலையே என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உந்த றோட்டில இனி இவளைச் சைக்கிளில விடமாட்டன். அடுத்த பள்ளித் தவணைக்கு மன்னார்ல சிஸ்டர்மாரிட்ட விடுதியில சேர்ப்பம்."

மகள் அழுதாள். நான் சண்டை பிடித்தேன். முகாமில் பிறந்து, ஒரே அறையில் எங்களோடு முட்டி மோதி வளர்ந்தவள். இப்போதுதான் சொந்த வீடு, சொந்த முற்றம். அவளை அனுப்பிவிட்டு அந்த வீட்டை நான் என்ன செய்வது? ஆனால் அவர் பயத்திலும் நியாயம் இருந்ததால் என்னால் வெல்ல முடியவில்லை.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் சைக்கிளிலேயே நாட்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தது. நாடு முழுக்க வீதி போடும்போது சைக்கிளுக்கும் ஓரத்தில் இடம் ஒதுக்க வேண்டும், அதை அரசாங்கம் சட்டமாகவே வைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இறுகிய காற்சட்டையும் தலைக்கவசமுமாக வந்தவர்களைப் பார்த்து ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தேவாலயப் பங்கு மண்டபத்தில் தங்கவைத்து மீன் குழம்பு கொடுத்தோம். உறைப்பில் கண் கலங்கியபடியே ஒருவர் கொச்சைத் தமிழில் சொன்னார்: "அக்கா, தார் போட முந்திக் கேளுங்கோ. போட்ட பிறகு ஒருதரும் கேக்கமாட்டினம்."

அரசாங்கக் கந்தோர் மண்டபத்தில் வீதி வேலை பற்றிக் கூட்டம் வைத்தபோது முதல் ஆளாகப் போய் முன் கதிரையில் இருந்தேன். சைக்கிளுக்கு ஓரம் வேண்டும் என்று கேட்டேன். இஞ்சினியர் பொறுமையான மனிதர்.

"எனக்கும் விருப்பந்தான் அம்மா. ஆனால் நாங்கள் காலமை தொடக்கம் பொழுதுபடும்வரை ஆளை இருத்தி எண்ணினனாங்கள். இந்த றோட்டில சைக்கிள் ஓடுறவை இல்லையெண்டே சொல்லலாம். எல்லாரும் நடந்துதான் போயினம்."

மண்டபம் திகைத்தது. வெளியே மதில் நிறைய எங்கள் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"எங்க இருந்து எண்ணினவை?" என்று கேட்டேன்.

"பாலத்துக்குக் கிட்ட, வேப்பமரத்தடி. நல்ல நிழல்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. பங்குச் சுவாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இஞ்சினியர் மட்டும் விழித்துக்கொண்டிருந்தார்.

அந்த மரத்தடியில் முன்பு ஆமி சென்றி, இராணுவக் காவலரண், இருந்தது. போர் முடிந்து சனம் மீள்குடியேறிய புதிதில் யாராக இருந்தாலும் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டே அதைக் கடக்க வேண்டும். பிறகு சென்றியை எடுத்துவிட்டார்கள். சனம் மட்டும் இறங்குவதை விடவில்லை. நாங்கள் ஊருக்கு வந்ததே சென்றி போன பிறகு. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏன் இறங்குகிறீர்கள் என்று கேட்டபோது, "முந்தி சென்றி இருந்தது, அந்தப் பழக்கம்" என்றார். அப்போது அவரைக் கேலி செய்தவள், சில நாட்களில் நானும் இறங்கினேன். ஊரோடு ஒத்துப்போகிற அவசரம் எனக்கு. உருட்டிக்கொண்டு போகிறவர் பாதசாரி என்பது எண்ணுகிறவர்களின் விதி. ஊர் முழுக்கப் பாதசாரியாகிவிட்டது.

விளங்கியதும் இஞ்சினியரும் சிரித்துவிட்டார். "திரும்ப எண்ணுறம். ஆனால் அதே இடத்திலதான் எண்ணவேணும், இல்லாட்டி மேலிடம் ஏற்காது. தயவுசெய்து ஏறி ஓடுங்கோ."

பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தார். கோயிலிலும் பள்ளிவாசலிலும் சொன்னார்கள். ஆனாலும் லேசாக இருக்கவில்லை. ஒத்திகை பார்க்கப் போனேன். மரம் கிட்டியதும் கால் தானாகவே பெடலை விட்டுக் கீழே வந்தது. மீன்பெட்டியோடு வந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்து வேலிக்குள் போனார்.

எண்ணுகிற நாள் திருவிழாப் போல விடிந்தது. வேலை உள்ளவர்கள் போனார்கள், இல்லாதவர்களும் போனார்கள். எண்ணிக்கொண்டிருந்த இளைஞன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, நீங்கள் முதலும் போனனீங்கள் எல்லோ?"

"ஓம் தம்பி. போனால் திரும்பி வாறதுதானே."

அப்போது மகள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போக வந்தாள். யாருக்காக இந்தப் பாடெல்லாம் பட்டேனோ அவளே மரத்தடியில் டக்கென்று இறங்கினாள். இறங்கி, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஏறடி!" என்று கத்தினேன்.

"கும்பிடாமல் எப்பிடியம்மா போறது? இதில மாதா சுரூபம் ஏதோ இருந்ததுதானே? நீங்கள் எல்லாரும் இறங்குறியள்."

நாங்கள் யாருமே அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் சிரித்தபோது அவள் அங்கே இருக்கவில்லை. சுவாமியாரின் அறிவிப்பையும் பெரியவர்களுக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பின்னால் வந்த அவளுடைய அப்பா பெடலிலிருந்து காலை எடுக்காமலே வட்டமடித்துக்கொண்டு சொன்னார்: "சுரூபமில்லைப் பிள்ளை, சென்றிதான் இருந்தது. அதுவும் போயிட்டுது. ஏறி ஓடு."

எங்கள் எல்லோரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சற்றுத் தூரம் போய், அங்கிருந்து மணியை அடித்தபடி வேகமாக மிதித்துக் கடந்தாள். ஊர் கை தட்டியது.

தவணை முடிவதற்குள் எங்கள் பகுதிக்குத் தார் வந்தது. இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போகிற அகலத்தில், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்களுக்கென்று ஓரமும் வந்தது. முதல் நாள் காலை மகளுக்குத் தெரியாமல் என் கணவர் பின்னாலேயே சைக்கிளில் போனார். வான்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகின்றனவா என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். விடுதி விஷயம் அவர் வாயில்தான் இருந்தது. நான் வாசல் படலையிலேயே காத்து நின்றேன்.

வியர்த்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"அவளைப் பிடிக்க ஏலாது" என்றார். "சிஸ்டர்மாருக்குச் சொல்லிவிடு, பிள்ளை வரமாட்டாள் எண்டு."