பாட்டின் கடைசியில் வரும் பெயர்

மனோர் பார்க் வரிசை வீடுகளில் சுவர் என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்படி ஒரு சுவரோரம் கனகாம்பிகை தையல் மெசினைப் போட்டு, ஈஸ்ட் ஹாம் சேலைக் கடைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, இலைகள் உதிரத் தொடங்கிய நாட்களில், பக்கத்து வீட்டுக்கு ஒரு மனிதர் குடிவந்தார். அன்றிலிருந்து பின்னேரங்களில் சுவர் பாட ஆரம்பித்தது.

இரண்டே தந்திகள் உள்ள ஏதோ ஒரு வாத்தியம். அதன் மேல் ஏறிப்போகும் ஓர் ஆண் குரல். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் மெசினை மிதிக்கும் கால் தானாக நின்றுவிடும். ஜன்னலில் மங்கல் வெளிச்சம், மடியில் பாதி தைத்த பச்சைப் பட்டு. கண் திறந்தபடியே இருக்க, மரமே இல்லாத ஒரு பெருவெளியில் குதிரைகள் மெல்ல நடந்து போகும். அவற்றுக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். அவர் அவளுடைய கணவர். எண்பத்தெட்டில், அவள் இந்த நாட்டுக்கு வருமுன், யாழ்ப்பாணத்தில் சந்தைக்கென்று சைக்கிளில் போனவர், பிறகு வரவில்லை. செய்தியும் இல்லை, உடலும் இல்லை.

சனம் சும்மா இருக்குமா? திதி செய்து முடித்துவிடு என்று புத்தி சொன்னது. அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு பேருடன் பேச்சு வார்த்தையே நின்றுபோனது. திதி செத்தவருக்கு, அர்ச்சனை இருப்பவருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் சேர்ச் றோட் முருகன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை நடக்கும்வரை அவர் எங்கேயோ இருக்கிறார். அவளைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், கணவனின் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிட்டுத் தொடங்கிய கல்யாணம் ‘இஞ்சாருங்கோ’விலேயே ஓடியது. டொக்டரிடம் போனால் வெள்ளைக்காரப் பெண் அந்தப் பெயருக்கு முன்னால் ‘மிஸிஸ்’ போட்டு, கொத்திக் குதறிக் கூப்பிடுவாள். இவள் எழுந்து போவாள். கோயிலில் மகள் லலிதா அப்பாவின் பெயரைச் சொல்லிவிடுவாள். அந்த லலிதா இப்போது படிப்புக்கென்று லீட்ஸுக்குப் போய்விட்டாள்.

மகள் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை ஐயர் பெயர் கேட்டபோது கனகாம்பிகைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “சுவாமி பேருக்கே செய்யுங்கோ ஐயா” என்று சொல்லித் தப்பினாள். அடுத்த வெள்ளியும் அதே கதை. முருகனுக்கு என்ன குறை? அவருக்குத்தான் ஊரெல்லாம் அர்ச்சனை. வீட்டுக்கு வந்து, தன் மனிதரைத் தானே நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்ததாக எண்ணி அழுதாள்.

“நீங்களே சொல்லுங்கோவன் அம்மா” என்றாள் லலிதா போனில். “இல்லாட்டி ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ.”

“கடைக்குச் சாமான் எழுதிக் குடுக்கிற மாதிரியோ? வாயால சொல்ல வேணும் பிள்ளை.”

“அப்ப சொல்லுங்கோ.”

“ஏலாது. சொல்லி அவருக்கு ஏதும் நடந்திட்டா?”



சுவர் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்கக் கனகாம்பிகைக்கு ஒன்று பிடிபட்டது. எந்தப் பாட்டானாலும், முடியப்போகும் இடத்தில் அதே ஒரு பெயர் வரும். அந்த இடத்தில் குரல் தணியும். நம்மூர்ச் செத்த வீட்டில் பெயர் சொல்லி அழுவதைக் கேட்டு வளர்ந்த காதல்லவா? பாவம், மனிதர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று தீர்மானித்துவிட்டாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்து எடுத்துக்கொண்டு, முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் பெர்தி. ஈரானின் வடக்கு ஓரத்தைச் சேர்ந்த துருக்மேன் இனத்தவர், பேக்கரியில் விடியற்கால வேலை. இருவருக்கும் நடுவே ஓடியது அரைகுறை இங்கிலீசு. உங்கள் மகனுக்காக மனம் வருந்துகிறேன் என்றாள். எனக்கு மகனே இல்லையே, மூன்றும் பெண்கள் என்று அவர் விழித்தார். விஷயம் விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாட்டில் வரும் அந்தப் பெயர்க்காரர் இறந்து இருநூறு வருஷம் ஆகிறது, அவர் எங்கள் கவி என்றார். தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: எங்கள் கவிகள் கடைசி அடிகளில் தம்மையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவர்களுடைய பாட்டில்லாமல் எங்களுக்குக் கல்யாணம் இல்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத இடையனுக்கும் பாட்டு மனப்பாடம். புத்தகம் இருக்கும் வீட்டில் அதைத் துணியில் சுற்றி உயரத்தில் வைப்போம். கவியின் சமாதிக்கு நேர்த்திக்கடன் வைத்துப் போவோம். பாடுகிறவன் எதை மறந்தாலும் அந்தப் பெயரை விடக்கூடாது. விட்டால் கிழவர்கள் அவனை எழுந்து போக விடமாட்டார்கள், திரும்ப உட்கார வைத்துச் சொல்ல வைப்பார்கள்.

“சொல்லச் சொல்ல அவருக்கு ஒன்றும் ஆகாதா?” என்று கேட்டாள் அவள்.

“என்ன ஆகும் சிஸ்டர்? சொல்வதால்தானே இன்னும் எங்களோடு இருக்கிறார்.”

பிறகு சாதாரணமாக, உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன என்றார். கனகாம்பிகை கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். அவர் வற்புறுத்தவில்லை. வாத்தியத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இம்முறை நடுவில் சுவர் இல்லை. குதிரைகள் வந்தன, சைக்கிள் வந்தது. பாட்டு முடியும் இடத்தில் அவளுடைய உதடும் அசைந்தது. சத்தம்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, “அர்ச்சனை ஆற்ற பேருக்கம்மா?” என்றார்.

“என்ர அவற்ற பேருக்கு.”

“பேரைச் சொல்லுங்கோ.”

“செல்வரத்தினம்.”

“கேக்கேல்லை அம்மா.”

“செல்வரத்தினம்!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் அந்தப் பெயரை மந்திரத்துக்குள் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கனகாம்பிகை கைகூப்பியபடி, ஒருவருக்கும் கேட்காமல் இன்னொருமுறை சொல்லிப்பார்த்தாள். எவ்வளவு அழகான பெயர். கூட இருந்த காலத்தில், ஒரே ஒரு நாளாவது, அவர் காது கேட்க இதைச் சொல்லியிருக்கலாமே.