கடுகு வெடித்த நாள்

ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்தும் சரியாக வராது, மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் மருமகள் ரசத்துக்குக் கடுகு தாளித்தாள். இத்தனை வயதிலும் அந்தச் சத்தம் கேட்டால், யார் காதில் விழுந்ததோ என்று வாசலைப் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். வெண்ணந்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் புன்செய்க் காட்டை அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒத்திக்கு விட்டிருந்தார். பணத்தைத் திருப்பும்வரை வெள்ளாமை அவருக்கு. விதை விழுந்துவிட்டால் அந்த வருஷம் மீட்க முடியாது. கெடுவுக்கு முன்பே மீட்க வேண்டுமென்று அம்மா பாலையும் நெய்யையும் விற்றாள், எண்ணெய் வாங்குவதையே நிறுத்தினாள். தாளிக்காத குழம்புதான் எங்களுக்கு. பணம் சேர்வது தெரிந்தால் அவர் முந்தி விதைத்துவிடுவார் என்று வாயைத் திறக்காமல் இருந்தோம்.

அன்று மாமன் ஒரு சீசா கடலை எண்ணெயோடு வந்தார். தன் அண்ணனுக்கு வெறும் குழம்பு ஊற்ற அம்மாவுக்கு மனசு வரவில்லை. கடுகு படபடவென்று வெடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் சம்சாரம் கேட்டார்: "ஏம்புள்ள, உங்கூட்டுல இன்னைக்குத் தாளிப்பு மணக்குது?"

"அடுப்புல எண்ணெய் சிந்திருச்சுங்க்கா."

"சிந்துன எண்ணெயில கடுகும் வெடிக்குமா?" என்று சிரித்தார். அம்மா தாளிப்பைக் குழம்பில் கொட்டி மூடினாள்.

எண்ணெய் வாங்கப் பணம் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போல, மறுநாள் விடியும்போதே அவர்கள் ஏர் எங்கள் காட்டுக்குப் போனது. அப்பா வெள்ளி ரூபாய் முடிப்போடு ஓடினார், பின்னால் நானும் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் விதைக்கூடையில் கையை விட்டிருந்தார். அப்பா முடிப்பை அந்தக் கூடைக்குள்ளேயே வைத்தார்.

"எண்ணிப்போட்டு அப்புறம் விதைங்கண்ணா."

எண்ணுவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. எண்ணி முடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஏரைத் திருப்பிக்கொண்டு போனார்.

கூடையில் இருந்தது சோளமா கம்பா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் தம்பிக்கு நினைவிருக்கலாம். யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள்.