சூத்திரத்தை அப்படியே எழுதலாம்

ரதிதேவி அந்த வேலைக்குப் போனது தட்டச்சு செய்யத்தான். நியூசிலாந்தில் ஆக்லாந்தின் வடக்கோரம், ஆல்பனியில் இருந்த சிறிய பொறியியல் நிறுவனம் அது. துறைமுகங்களுக்குக் கடல்மட்டம் கணித்துக் கொடுப்பவர்கள். அலுவலகம் இடம் மாறியபோது பழைய காந்த நாடா பழுதாகி, அவர்கள் வருஷக்கணக்காக நம்பியிருந்த புரோகிராம் அதோடு போய்விட்டது. மிஞ்சியது அதன் அச்சுப் பிரதி மட்டும். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளத் தாள்களில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து மீண்டும் கணினியில் ஏற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது.

அது 1995. யாழ்ப்பாணத்தில் மேல்வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்தவள், ஆக்லாந்துக்கு வந்தபின் ஹென்டர்சனில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டிருந்தாள். ஊர்ச் சான்றிதழை வைத்து இங்கே வகுப்பறைக்குள் போக முடியவில்லை. கணவர் சோதிலிங்கம் பஸ் ஓட்டினார். தட்டச்சு பழகினால் கை குளிராத வேலையாவது கிடைக்கும் என்று சொன்னவர் அவர்தான்.

"அக்கா, விளங்கிக்கொள்ளத் தேவையில்லை. இருக்கிறதை இருக்கிறபடி அடியுங்கோ," என்றார் அங்கே பொறியியலாளராக இருந்த டெஸ்மன். மன்னார்க்காரர், அவளைவிட இளையவர்.

அவளும் அப்படித்தான் தொடங்கினாள். கண் தாளில், விரல் விசையில். இரண்டாம் வாரம் ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. ஒரு வீச்சு, அதைப் பெருக்கும் ஒரு கோசைன், கோசைனுக்குள் நேரம். வந்த விடையை முன்னைய கூட்டுத்தொகையோடு சேர். அடுத்த அலைக்குப் போ. கரும்பலகையில் அவள் எத்தனையோ தரம் எழுதிய சமன்பாடு, கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றது.

"தம்பி, இது திரிகோணகணிதமெல்லோ?"

டெஸ்மன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். "ஓம் அக்கா. சந்திரன் இழுக்கிறது ஒரு அலை, சூரியன் இழுக்கிறது இன்னொரு அலை. எல்லாத்தையும் கூட்டினால் கடல்மட்டம்."

"அது விளங்குது. நாங்கள் பள்ளிக்கூடத்தில எழுதுற மாதிரியே எழுதிக் கிடக்கே, அதுதான் விளங்கேல்லை. மெஷினுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"அதுக்கெண்டுதான் ஃபோர்ட்ரான் எண்ட இந்த மொழியைச் செய்தவங்கள்," என்றார் அவர்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கதை முழுவதையும் சொன்னார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கணினியோடு கதைக்க வேண்டுமென்றால் அதனுடைய எண் குறியீட்டிலேயே கதைக்க வேண்டும். ஒரு சமன்பாட்டை அப்படி உடைத்து எழுத வாரங்கள் போகும். பிழை பிடிக்க இன்னும் வாரங்கள். அப்போது நியூயோர்க்கில் சில இளைஞர்கள், மனிதர் சூத்திரமாகவே எழுதட்டும், மற்றதை மெஷினே மொழிபெயர்க்கட்டும் என்று கிளம்பினார்கள். அவர்களில் சதுரங்கக்காரர் ஒருவர், படிகங்களை ஆராய்ந்தவர் ஒருவர், கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளியே வந்த பெண் ஒருத்தி. கைதேர்ந்தவர்கள் நம்பவில்லை. மனிதன் எழுதுவதைப்போல வேகமான குறியீட்டை மெஷின் எழுதவே முடியாது என்றார்கள். எப்போது முடியும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் குழு ஆறு மாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அதுதான்.

ரதிதேவி சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டாள். பசி போய்விட்டது. தன்னைப்போல ஒருத்தியை, சமன்பாடு தெரிந்து மெஷின் தெரியாத ஒருத்தியை, மனதில் வைத்து யாரோ மூன்று வருஷம் மினக்கெட்டிருக்கிறார்கள். அவள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தொடங்கியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் விளங்கிக்கொண்டே அடித்தாள். அடித்து முடிந்த நாளில் டெஸ்மன் புரோகிராமை ஓடவிட்டார். உடனே நின்றது. ஒரு வரியைக் காட்டி, பிழை என்றது திரை. அவர் தாளைத் தேடுமுன் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒரு கொமாவை விட்டிட்டன் தம்பி."

டெஸ்மன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ரதிதேவி முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, காரணம் சொன்னார். 1957இல் ஃபோர்ட்ரானைத் துளையிட்ட அட்டைகளாகக் கொண்ட பெட்டியொன்று, என்னவென்ற குறிப்புக்கூட இல்லாமல், அமெரிக்காவில் ஓர் அணுசக்தி ஆய்வுகூடத்துக்குத் தபாலில் வந்ததாம். இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே எழுதிய முதல் புரோகிராமுக்கு அது தந்த முதல் பதில், இந்த இடத்தில் கொமா இல்லை என்பது. கொமாவைப் போட்டார்கள், கணக்கு வந்தது.

ரதிதேவியும் கொமாவைப் போட்டாள். திரையில் எண்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின.

அந்தச் சனிக்கிழமை சோதிலிங்கத்தையும் மகள் கஜந்தினியையும் ஒனஹங்கா துறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சேறும் சிப்பியுமாகக் கிடந்த மனுக்காவ் குடாவில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி, தூண்களின் பாசியை மூடி, புரோகிராம் சொன்னபடி அவள் தாளில் குறித்து வந்த நேரத்தில் தயங்கி நின்றது. பிறகு திரும்பியது.

"பாத்தீங்களே," என்றாள் ரதிதேவி.

"சோ வாட், அம்மா? டைட் எப்பவும் ஏறி இறங்கும்தானே," என்றாள் கஜந்தினி.

சோதிலிங்கம் மனைவியின் கையிலிருந்த தாளை வாங்கி, கடலைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார்.

தட்டச்சு வேலை முடிந்தும் நிறுவனம் அவளை விடவில்லை. டெஸ்மன்தான் முதலாளியிடம் கதைத்தார். புதிய துறைமுகக் கணக்குகளை அவளே எழுதத் தொடங்கினாள். மூன்று வருஷம் கழித்து, எல்லாவற்றையும் நாகரிகமான வேறொரு கணினி மொழிக்கு மாற்றுவோம் என்ற பேச்சு வந்தது. அதையும் அவளிடமே கொடுத்தார்கள். அவள் மனமொப்பித்தான் செய்தாள். புதியது அழகாகவும் இருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் ஓடவிட்டார்கள். விடை ஒன்றே. பழையது முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. புதியது இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"வேகம் வராதெண்டுதானே ஃபோர்ட்ரானைச் செய்தவங்களுக்கு அண்டைக்குச் சொன்னவை," என்றாள் ரதிதேவி.

டெஸ்மன் தலையாட்டினார். இருவரும் நின்று, புதியது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் பழையதையே வைத்துக்கொண்டது.