பிரெஞ்சுக்காரரின் முழங்கால்

அந்தச் சப்பாத்துகள் இரண்டையும் சேர்த்துத் தூக்க என் ஒரு கை போதாது. டென்மார்க்கில் ஸ்கீவ என்ற சிறு நகரத்து விளையாட்டு மண்டபத்தில் நான் துப்புரவு வேலை செய்த காலம். ஊர்க் கூடைப்பந்து அணிக்குச் சம்பளத்துக்கு விளையாட வந்திருந்த பிரெஞ்சுக்காரர், பயிற்சி முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டு, நான் துடைத்த தரையில் காலுறையோடு நடந்து போவார். மரியாதை தெரிந்த மனிதர். அதற்காகவும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிரான்சில் பெரிய அணியில் தொடங்கி, முழங்கால் பிசகி இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, கடைசியில் இந்தச் சிற்றூர் வரை வந்த கதையை அவரே எனக்குச் சொன்னார். இருவருக்கும் தெரிந்தது அரைகுறை டேனிஷ்தான்.

என் மனைவியும் மகளும் அப்போது மன்னாரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்து இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருடைய விண்ணப்பமும் அப்படியே கிடந்தது. என்னோடு அறையில் இருந்த அண்ணை, "ஃபைல் நித்திரை கொள்ளுது தம்பி, எழுப்பத்தான் ஆளில்லை" என்பார். சட்டப்படி தரவேண்டிய அனுமதியை அந்நாட்டு நீதி அமைச்சரே மறித்து வைத்திருந்தது பின்னால்தான் வெளிவந்தது. பிரெஞ்சுக்காரரின் மனைவியும் மகளுமோ அவர் வந்த மூன்றாவது கிழமையே காரில் வந்து இறங்கினார்கள். அவர்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு என் மகளின் வயது. பயிற்சி நேரமெல்லாம் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைத் துடைப்பேன்.

எங்கள் பக்கத்தில் கஷ்டம் என்றால் மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்போம். குடும்பம் வந்து சேர்ந்தால் மகளின் எடைக்கு மெழுகுதிரி தருவதாக நானும் வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு பூசையில் அதை நினைவுபடுத்தும்போது வாய் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டது: "அந்தாளுக்கும் ஒரு அடி விழவேணும் தாயே." மாதாவிடம் கெடுதல் கேட்ட முதல் மன்னார்க்காரன் நானாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஓர் ஆட்டத்தில் எம்பிக் குதித்து இறங்கியவர் எழும்பவில்லை. அதே முழங்கால். எல்லோரும் போனபின் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். தரை காய்ந்துதான் இருந்தது. அவருடைய விளையாட்டு வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

ஊன்றுகோலோடு விடைபெற வந்தவர், "உன் குடும்பம் எப்போது வருகிறது?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வெளியே காரில் மனைவி ஓட்டுநர் இருக்கையிலும் பிள்ளை பின்னாலும் இருந்ததைக் கண்டதும் மூடிக்கொண்டேன். எல்லாம் தோற்றவர், மூன்று பேராக வீட்டுக்குப் போகிறார். அந்தத் தோல்வியை யாராவது எனக்குத் தந்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

என்னுடையவர்கள் வந்து சேர மேலும் மூன்று வருடம் ஆனது. இப்போது மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாதம் தொலைக்காட்சியில் ஏதோ கூடைப்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, இத்தனை காலம் மறைத்ததை மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரியைப் புருஷன் ஜெர்மனிக்குக் கூப்பிட்ட நேரம், அவளுக்கு விசா கிடைக்கக் கூடாதெண்டு நானும் மாதாட்ட கேட்டனான்" என்றாள்.

"கிடைச்சுதே?"

"ஓம், கிடைச்சுது. என்ர சொல்லை மாதா கேக்கேல்லை. உங்கட சொல்லைத்தான் கேட்டிருக்கிறா."